1979 மினியின் முன் சப்ஃபிரேம் தாங்கிகள்: அலுமினியமா, ரப்பரா?

பழைய_மினி_79:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 1979-ஆம் ஆண்டு மினி 1000 ஒன்று இருக்கிறது. அதிலிருந்த 998 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, கேம்ஷாஃப்டும் சிலிண்டர் ஹெட்டும் மாற்றப்பட்ட 1275 சிசி இன்ஜினை ஏற்றி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்தியிருக்கிறேன். பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பந்தயத் தடத்திற்கும் கொண்டுபோவதுண்டு.

சில மாதங்களாக, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் மறுபடி மிதிக்கும்போதும் காலடித் தரைக்குக் கீழிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. வேகமாக ஒரு வளைவுக்குள் நுழையும்போது, நான் ஸ்டீயரிங்கை அசைக்காமலேயே வண்டி சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ திரும்புகிறது. இன்ஜினையும் முன்சக்கர அமைப்பையும் தாங்கும் எஃகுச் சட்டமான சப்ஃபிரேமில், இருபுறமும் மேலெழுந்து பாடியோடு சேரும் தூண்களான டவர்களின் மேலுள்ள ரப்பர்களைப் பார்த்தேன். நகத்தால் கிள்ளினாலே துகளாக உதிர்கின்றன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால், புதிய ரப்பரே போடுவதா, பாலியூரித்தேன் போடுவதா, அல்லது அலுமினியக் கட்டைகளைப் போட்டு சப்ஃபிரேமை பாடியோடு இறுக்கிவிடுவதா என்று முடிவு செய்ய முடியாமல் இருக்கிறேன்.

ஸ்பேனர்_பத்து:

நீங்கள் சொல்லும் இரண்டாவது அறிகுறிதான் முக்கியமானது. மினியில் ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பற்சட்டம்) சப்ஃபிரேமில் இல்லை. அது யு-போல்ட்டுகளால் பாடியின் தரையோடு கட்டப்பட்டிருக்கிறது. சக்கரங்களையும் சஸ்பென்ஷன் ஆர்ம்களையும் தாங்குவதோ சப்ஃபிரேம். வளைவில் சப்ஃபிரேம் பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்ந்தால், ராக்கையும் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடுகளின் உள்முனை பாடியோடு நின்றுவிட, சக்கரங்கள் மட்டும் நகர்கின்றன. நீங்கள் ராக்கையே 2 மி.மீ. நகர்த்தியதற்கு அது சமம். ராக்கும் சப்ஃபிரேமிலேயே அமைந்த கார்களில் இரண்டும் சேர்ந்தே நகர்வதால், ரப்பரின் நெகிழ்வு இந்த அளவுக்கு ஸ்டீயரிங்கில் தெரியாது. ஆகவே வேறொரு காருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையை மினிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1976 வரை மினியின் முன் சப்ஃபிரேம் பாடியோடு நேராகத்தான் முடுக்கப்பட்டிருந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்ற கூப்பர் எஸ் கார்களும் அப்படிப்பட்டவையே. சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பதற்காகத்தான் 1976-இல் டவருக்கு ஒற்றைப் பெரிய போல்ட்டும் ரப்பரும் வந்தன. எனவே அலுமினியக் கட்டை என்பது பந்தயக்காரர்களின் விபரீத யோசனை அல்ல. பழைய அமைப்புக்குத் திரும்பிப் போவதுதான். உங்கள் இன்ஜினுக்கும் நீங்கள் ஓட்டும் விதத்திற்கும் முன்பக்கம் அலுமினியமே சரி என்பது என் கருத்து.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டவரின் மீதும் அதையொட்டிய பாடியின் மீதும் குறுக்காக ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துக்கொண்டு, கை பிரேக்கை நன்றாக இழுத்து வைத்து, முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை மெதுவாக விடச் சொல்லி, வண்டிக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். பின்சக்கரங்கள் பிடித்திருக்க முன்சக்கரங்கள் இழுப்பதால், கோடு எங்கே, எவ்வளவு உடைகிறது என்று கண்ணாலேயே தெரியும். கோடு உடையாமல் சத்தம் மட்டும் வந்தால், இன்ஜினையும் பல்க்ஹெட்டையும் (இன்ஜின் அறைக்கும் பயணியர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு) இணைக்கும் ஸ்டெடி பாரின் புஷ்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நெடுஞ்சாலை_நேசன்:

மேலே எழுதியவரின் விளக்கத்தை ஏற்கிறேன். முடிவை முழுவதுமாக ஏற்க முடியவில்லை. என் மினியில் ஆறு ஆண்டுகள் அலுமினியக் கட்டைகளோடு ஓட்டினேன். ஸ்டீயரிங் மிகத் துல்லியமாக இருந்தது உண்மை. ஆனால் கியர்பாக்ஸின் ஊளைச் சத்தம் மிதிதளத்தின் வழியாக நேரே உள்ளே வரும். இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருக்கும். உங்களுக்கு இப்போது இருக்கும் கோளாறு ரப்பர் என்பதால் வந்ததல்ல, செத்துப்போன ரப்பரால் வந்தது. புதிய, தரமான ரப்பர் போட்டாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். ஆண்டில் நான்கு நாள் தடத்திற்காக மற்ற நாட்களையெல்லாம் இரைச்சலில் கழிக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் எடை போட வேண்டும். பாலியூரித்தேன் இடைப்பட்ட வழி. இங்கே சுழற்சி எதுவும் இல்லாமல் அழுத்தம் மட்டுமே இருப்பதால், சஸ்பென்ஷன் புஷ்களில் அது போடும் கிறீச்சொலி இந்த இடத்தில் பெரிதாக வராது.

வெல்டிங்_பொறி:

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முன் சப்ஃபிரேமின் எல்லா இடங்களிலும் ஒரே வகையாகப் போடுங்கள். டவரில் அலுமினியமும் முன் நுனியிலும் தரையிலும் ரப்பருமாகக் கலந்து போட்டால், நெகிழ வேண்டிய விசை முழுவதும் நெகிழாத இடத்தில் போய்ச் சேரும். நாளடைவில் அங்கேதான் தகடு கிழியும். பின் சப்ஃபிரேமுக்குத் தொடக்கத்திலிருந்தே ரப்பர் புஷ்தான். அங்கே திருப்பும் வேலை இல்லாததால் ரப்பரை அப்படியே விட்டுவிடலாம்.

கட்டைகளைப் பொருத்தும்போது எல்லாப் போல்ட்டுகளையும் கையாலேயே சில புரிகள் ஏற்றிவிட்டு, அதன் பிறகே படிப்படியாக முடுக்குங்கள். ரப்பர் ஓரிரு மி.மீ. பிசகைப் பொறுத்துக்கொள்ளும், அலுமினியம் பொறுக்காது. துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை என்றால் கடப்பாறையால் நெம்பிச் சேர்க்காதீர்கள். பாடி எங்கோ கோணியிருக்கிறது அல்லது தரைத்தகடு தவறாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு ஏற்படும் என்பதால், இரு பரப்புகளுக்கும் பெயின்ட் அடித்து, மேலே மெழுகும் பூசிவிடுங்கள். வேலை முடிந்ததும் ராக்கின் யு-போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்டீயரிங் தண்டோடு நேர் செய்து மறுபடி முடுக்கிய பின்பே வீல் அலைன்மென்ட் பாருங்கள், முன்சக்கரங்களுக்கு 1.6 மி.மீ. டோ-அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் சற்று வெளிநோக்கி விரிந்திருப்பது) என்பதே தொழிற்சாலை அளவு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தரையில் போல்ட் ஏறும் இடங்களைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் அலுமினியக் கட்டையை முடுக்குவது விரிசலை நாமே வரவழைப்பதாகும்.

பழைய_மினி_79:

மூவருக்கும் நன்றி. சோதனை செய்துவிட்டேன். இடப்பக்க டவரில் கோடு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே உடைந்தது, வலப்பக்கத்தில் கிட்டத்தட்ட 4 மி.மீ. வரை போய்த் திரும்புகிறது. அந்த ‘டொக்’ சத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. காரணம் ரப்பர் மட்டுமல்ல. வலப்பக்கத் தரையில் பழைய அண்டர்சீலை (துருவைத் தடுக்க அடியில் பூசும் பூச்சு) சுரண்டியபோது அது பெரிய வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில், போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்திற்கு ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. முன்பக்கத்திற்கு அலுமினியம், பின்பக்கத்திற்குப் புதிய ரப்பர் என்று முடிவு செய்து கட்டைகளையும் வரவழைத்துவிட்டேன். ஆனால் இன்ஜினோடு சப்ஃபிரேமை இறக்கி, அந்தத் தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்ட் செய்து முடிக்கும் வரை அவை பெட்டியிலேயே இருக்கும்.