சர்டிபிகேட் இருக்கு, வேலை தான் பிடிபடல... நீங்கல்லாம் ஆபிஸ்ல எப்படி கத்துக்கிட்டீங்க?

பேரேட்டுப் பொண்ணு (ரங்கூன்):

எல்லாருக்கும் வணக்கம். ஒரு டிரேடிங் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. எல்சிசிஐ கணக்குப் பரீட்சை லெவல் 3 முடிச்சிட்டேன், டியூஷன்ல எப்பவும் நல்ல மார்க்கு தான். ஆனா வேலைன்னு உக்காந்தப்புறம் படிச்சது ஒரு பக்கம் இது ஒரு பக்கம்னு இருக்கு. கிளாஸ்ல கணக்கு குடுக்கும்போது எல்லா நம்பரையும் அழகா டைப் அடிச்சு குடுப்பாங்க, இங்க வவுச்சரே வந்து சேராது, வந்தாலும் பாதி கசங்கி எண்ணெய் கறையோட வரும், யாரு கையெழுத்துன்னே தெரியாது.

போன மாசக் கடைசில கேஷ் புக்குக்கும் பெட்டில இருந்த பணத்துக்கும் 10,000 கியாட் வித்தியாசம். புக்குல இருக்கறத விட பெட்டில கம்மி. மூணு நாள் தேடினேன், கரண்ட் போய் போய் வேற வருது, ராத்திரி கனவுல கூட அதே நம்பர் தான். கடைசில எங்க சீனியர் சயாமா (டீச்சரம்மா மாதிரி, மேல இருக்கற பெண்கள இங்க அப்படித் தான் கூப்பிடுவோம்) ஃபைல கையிலருந்து வாங்கி பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சு சரி பண்ணி மூடி வச்சுட்டாங்க. எங்க தப்புன்னு சொல்லல. கேக்கலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, ஆனா அவங்க மேஜைல மலை மாதிரி வேலை, நமக்குத் தான் தெரியுமே இந்த ஆனாடே, அடுத்தவங்கள தொந்தரவு பண்ணிருவோமோன்னு ஒரு கூச்சம், அப்படியே முழுங்கிட்டேன்.

வீட்ல இன்னொரு கோர்ஸ் சேருன்னு சொல்றாங்க. அதுக்கு காசு கட்டறதா, இல்ல இங்கயே கத்துக்க வேற வழி இருக்கா? நிஜமா நல்லா வேலை செய்யணும்னு ஆசையா இருக்கு, அதனால தான் கேக்கறேன்.

மொகல் ஸ்ட்ரீட் அக்கா:

தங்கச்சி, நான் 19 வருஷமா இதே கணக்கு வேலைல இருக்கேன், உன் பதிவ படிச்சதும் மனசு கேக்கல, சமையல நிறுத்திட்டு எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. "தெரியல, சொல்லிக் குடுங்க"ன்னு வெறுங்கையோட போனா எந்த சயாமாவுக்கும் எரிச்சலா தான் இருக்கும், ஏன்னா எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு அவங்களுக்கே புரியாது. நீ தேடினத ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போ. பேங்க் பார்த்தேன் சரியா இருக்கு, பெட்டிப் பணத்த ரெண்டு தடவ எண்ணினேன், 20ஆம் தேதி வரைக்கும் டிக் அடிச்சிட்டேன், இதுக்கப்புறம் எங்க பாக்கறதுன்னு தான் தெரியலன்னு. அப்போ அவங்களுக்கு ரெண்டே நிமிஷம் தான் செலவு. ஆனாடேயும் வராது, ஏன்னா நீ பாதி தூரம் நடந்துட்டு தானே கேக்கற.

வித்தியாசம் வந்தா நான் மொதல்ல செய்யறது அத ஒம்பதால வகுத்துப் பாக்கறது. மிச்சமில்லாம வகுபட்டா ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 54,000ன்னு போட வேண்டியத 45,000ன்னு போட்டா வித்தியாசம் 9,000, பாரு. உன் 10,000 அப்படி வகுபடல, அதனால இடம் மாறின கேஸ் இல்ல, ஏதோ ஒரு இலக்கத்த தப்பா படிச்சிருக்கணும் இல்லன்னா ஒரு துண்டுச்சீட்டு விட்டுப் போயிருக்கணும். இத எனக்கு எந்த டியூஷன்லயும் சொல்லல, பழைய ஆபிஸ்ல ஒரு பெரிய கேஷியர் என் பக்கத்துல வந்து நின்னு பென்சில்ல வகுத்துக் காட்டினார், அவ்ளோ தான், ஆயுசுக்கும் மறக்கல.

இன்னொண்ணும் ஞாபகம் வருது. இங்க நிதியாண்டு அக்டோபர்–செப்டம்பர்லருந்து திரும்ப ஏப்ரல்–மார்ச்சுக்கு மாறினப்போ, 2021 அக்டோபர்லருந்து 2022 மார்ச் வரைக்கும் ஆறு மாசம் மட்டும் தனியா ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருந்துச்சு. தேய்மானம் பாதி வருஷத்துக்கு எப்படிப் போடறதுன்னு தொடங்கி எல்லாமே சந்தேகம், மேல இருக்கறவங்களுக்கும் புதுசு எங்களுக்கும் புதுசு. அதனால யாரும் யாரையும் கேக்கக் கூச்சப்படல, ஒரே மேஜைல உக்காந்து வாய்விட்டுப் பேசிப் பேசிப் போட்டோம். அந்த ஆறு மாசத்துல நான் கத்துக்கிட்டது அதுக்கு முன்னாடி ஆறு வருஷத்துல கத்துக்கல.

காப்பியர் சர்வீஸ் (மாந்தலே):

நான் கணக்கு ஆளு இல்ல, போட்டோகாப்பி மெஷின் ரிப்பேர். ஆனா எங்க லைன்லயும் இதே கதை தான் அதனால சொல்றேன். ஜெராக்ஸ் கம்பெனிலயே 1980கள்ல ஜூலியன் ஓர்னு ஒரு ஆராய்ச்சியாளர் சர்வீஸ் ஆளுங்க கூடவே சுத்திப் பாத்தார். கம்பெனி குடுத்த மேனுவல்ல எரர் கோடு ஒரு இடத்தக் காட்டும், கோளாறு வேற இடத்துல இருக்கும். அப்போ அவங்க என்ன பண்ணாங்கன்னா சாப்பிட உக்காரும்போது "அந்த மெஷின் இப்படி சத்தம் போட்டுச்சு, நான் இத மாத்தினேன்"னு ஒருத்தருக்கொருத்தர் கதை சொல்லிக்கிட்டாங்க, அடுத்த ரிப்பேருக்கு அந்தக் கதை தான் கை குடுத்துச்சு. அப்புறம் கம்பெனியே அந்த மாதிரி யோசனைகளச் சேத்து எல்லா சர்வீஸ் ஆளுங்களுக்கும் கிடைக்கற மாதிரி பண்ணுச்சு.

எங்களுக்கு அது காலைல டீக்கடைல நடக்குது, குட்டி ஸ்டூல்ல முட்டிய மடக்கி உக்காந்துக்கிட்டு. புதுப் பையன் வந்தா நான் மொதல்ல டீக்கடைக்குத் தான் கூட்டிட்டுப் போவேன். நீங்களும் மதியம் சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு போன் பாக்காம சயாமா பக்கத்துல போய் உக்காருங்க தங்கச்சி, வேலை நேரத்துல வராத பேச்செல்லாம் அங்க வரும்.

கடைக்காரர் பேரன்:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி தான், ஆனா படிப்ப ஒதுக்கிடாதம்மா. பற்று வரவு புரியாதவங்களுக்கு சீனியர் பக்கத்துல உக்காந்து காட்டினாலும் கண்ணுல பட்டது மண்டைல ஏறாது. ஏசிசிஏ மாதிரி பெரிய படிப்பே பரீட்சை மட்டும் போதாது 36 மாச வேலை அனுபவமும் வேணும்னு கேக்குது, ரெண்டும் சேர்ந்தா தான் ஆளு. 70-20-10ன்னு ஒரு கணக்கு டிரெய்னிங்ல சொல்லுவாங்க, வேலைல 70, அடுத்தவங்க கிட்ட 20, கிளாஸ்ல 10ன்னு. அது அமெரிக்காவுல மேனேஜர்ங்க கிட்ட எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுலருந்து வந்தது, தராசுல நிறுத்த எடை இல்ல, அத வச்சு கோர்ஸ் வேணாம்னு முடிவு எடுக்காத.

இப்போ சீனியர் பக்கம் நின்னு ஒண்ணு சொல்றேன். எனக்குக் கீழ ஆறு பேர் வேலை செய்யறாங்க. பல வருஷம் நானும் உங்க சயாமா மாதிரி ஃபைல பிடுங்கி நானே முடிச்சேன், மாசக் கடைசி நெருக்கடில சொல்லிக் குடுக்கறத விட செஞ்சு முடிக்கறது சுலபம். உன் மேல கோவத்துல இல்ல. ஆனா அது தப்புன்னு எனக்குப் புரிஞ்சது ஒரு பையன் வேலைய விட்டுப் போகும்போது தான், "ரெண்டு வருஷத்துல ஒரு கணக்கு கூட நான் தனியா முடிக்கல சார்"னு சொல்லிட்டுப் போனான். இன்னைக்கும் உறுத்துது.

எங்க தாத்தா இதே ஊர்ல செட்டியார் கடைல பெட்டியடிப் பையனா சேர்ந்தவர். தண்ணி எடுத்து வச்சு, தபால் குடுத்துட்டு வந்து, அப்புறம் கைச்சிட்டைன்னு அன்னாடக் குறிப்பு எழுதி, அப்புறம் தான் அடுத்தாள், அதாவது கடைய நடத்தற மேலாளுக்கு அடுத்த இடம். பேரேட்ட யாரும் பாடமா நடத்தல, ஆனா சாயங்காலம் கணக்கு கூட்டும்போது மேலாள் சத்தமா படிப்பாராம், பையன் கேட்டுக்கிட்டே இருக்கணும். இருப்பு ஒத்துவராட்டி சாப்பாட்டுக்கு யாரும் எந்திரிக்க மாட்டாங்களாம். அந்த சத்தமா படிக்கறது இருக்கே, அது இன்னைக்கு ஆபிஸ்ல இல்ல, ஆளாளுக்கு ஒரு ஸ்கிரீன பாத்துக்கிட்டு வாய மூடி வேலை செய்யறோம், பக்கத்துல இருக்கறவன் எப்படி யோசிக்கறான்னு எப்படித் தெரியும்? இப்போ நான் மாசக் கடைசில ஒரு பேங்க் கணக்கையாவது எல்லாரையும் சுத்தி உக்கார வச்சு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தான் ஒப்பிடறேன்.

பேரேட்டுப் பொண்ணு (ரங்கூன்):

அக்கா, அண்ணே, ஐயா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு தாள்ல எழுதிக்கிட்டுப் போய் சாப்பாட்டு நேரத்துல சயாமா கிட்ட கேட்டுட்டேன். அவங்க டப்பாவ மூடி வச்சிட்டு எந்திரிச்சுப் போய் அந்த வவுச்சரையே எடுத்துட்டு வந்தாங்க! பெகு போற டிரைவர் பர்மிய எழுத்துல எழுதின டீசல் துண்டு. பர்மிய ஒண்ணு வாய் திறந்த வட்டம், சைபர் மூடின வட்டம், அவர் அவசரத்துல ஒண்ண இழுத்து மூடிட்டார், 3,10,000 எனக்கு 3,00,000ஆ தெரிஞ்சிருக்கு. லிட்டரையும் விலையையும் பெருக்கிப் பாத்திருந்தா அப்பவே மாட்டியிருக்கும்னாங்க. நான் கேக்கலன்னதும் எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சாங்களாம்.

இந்த மாசம் டீசல் துண்டு எல்லாத்தையும் நானே பெருக்கிப் பாத்து ஏத்தறேன், முடிச்சதும் அவங்க பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. 47 துண்டு இருக்கு, இப்போ தான் 12 முடிஞ்சிருக்கு.