ஹைஜியா: சிறுகோளா, குறுங்கோளா?

கொள்ளிடக்கரை:
பள்ளி மாணவர்களுக்காக நான் எழுதிவரும் வானியல் கையேட்டில் ஹைஜியாவைச் 'சிறுகோள்' என்று குறித்திருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் ஒருவர் அதைக் 'குறுங்கோள்' (dwarf planet: உருண்டையாக இருந்தும் முழுக்கோளாக எண்ணப்படாதது) என்று திருத்தியிருக்கிறார், எனக்கு உடன்பாடில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில், சூரியனை ஐந்தரை ஆண்டுகளுக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒருமுறை சுற்றிவரும் இதன் விட்டம் ஏறத்தாழ 430 கி.மீ.தான். பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுள்ள குறுங்கோள்களோ சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மாகேமாகே, ஏரிஸ் என ஐந்துதான்.

களத்துமேடு:
திருத்தியவன் நான்தான் ஐயா. சூரியனைச் சுற்றுவது, துணைக்கோளாக இராதது, தன் பாதையில் பிற பொருள்களை விலக்காதது ஆகியவற்றில் நமக்குள் பிணக்கில்லை. குறுங்கோளுக்கு அந்த ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு வரையறை கேட்கும் மற்றொன்று, தன் ஈர்ப்பால் ஏறக்குறைய உருண்டை வடிவம் பெற்றிருப்பது. சிலியிலுள்ள ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் தொலைநோக்கியில் எடுத்து 2019-இல் வெளியான படங்களில், ஹைஜியா சீரிஸைப் போலவே உருண்டையாக இருக்கிறது. ஹைஜியாவைவிடப் பெரிய சிறுகோளான வெஸ்டாதான் தென்முனையில் பெரும்பள்ளம் விழுந்து கோணலாகக் கிடக்கிறது.

கொள்ளிடக்கரை:
அந்த உருண்டை எப்படி வந்தது என்பதையும் அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்களே. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 75 முதல் 150 கி.மீ. வரை விட்டமுள்ள ஒரு பாறை மோதியதில் தாய்ப்பொருள் நொறுங்கி, சிதறியவற்றில் பெரும்பகுதி மீண்டும் கூடியதே இன்றைய ஹைஜியா. கூடாமல் போனவை ஆயிரக்கணக்கான சிறுகோள்களாக அதே வட்டாரத்தில் திரிகின்றன. இது விபத்தின் வடிவம்.

களத்துமேடு:
கோடையில் வெடித்துக் கிடக்கும் நன்செய்யில் ஒரு கட்டியைப் பெயர்த்தால், அதன் முனை காலைக் கிழிக்கும். தண்ணீர் கட்டிச் சேற்றுழவு முடித்தபின் அதே மண் தானாகப் படிந்து மட்டமாகிறது. படியவைத்தது மண்ணின் எடை. தண்ணீர் அதற்கு இடங்கொடுத்தது, அவ்வளவே. மோதல் பாறையைத் தளர்த்தியது. திரட்டி உருட்டியது ஈர்ப்பு.

மாடித்தொலைநோக்கி:
மயிலாடுதுறையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கியில் இதைப் பார்த்திருக்கிறேன்: மங்கலான ஒரு புள்ளி, மறுநாள் சற்று நகர்ந்திருந்தது. கரிபடிந்தாற்போல் இருண்ட பரப்பு. பட்டையில் நான்காவது பெரியதாக இருந்தும், 1849-இல் நேப்பிள்ஸில் இத்தாலிய வானியலாளர் காஸ்பரிஸ் கண்டபோது இது பத்தாவதாகத்தான் எண்ணப்பட்டது. பெயர்ச்சண்டையை விட இந்த இருளுக்குக் கையேட்டில் இடம் கொடுக்கலாம்.

கொள்ளிடக்கரை:
கொடுக்கிறேன். ஆனால் களத்துமேட்டாரின் உவமையே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. அறுவடைக்குப்பின் இறுகிய வயலும் மட்டமாகத்தான் இருக்கிறது. அது முன்பு சேறாக இருந்ததற்குச் சான்றே தவிர, இன்றைக்கு அந்த மண் இளகும் என்பதற்குச் சான்றன்று. ஈர்ப்பு பாறையின் விறைப்பை வெல்ல வேண்டும் என்பதல்லவா வரையறை? மேலும், 330 கி.மீ. அளவேயுள்ள இன்டராம்னியா என்ற சிறுகோளும் உருண்டைக்கு நெருங்கியதுதான். அதையும் சேர்ப்பீர்களா?

களத்துமேடு:
இன்டராம்னியாவுக்கு நான் வாதாடவில்லை. இறுகிய வயல் என்ற மறுப்புக்கும் உடனே விடை இல்லை. அட்டவணையில் 'சிறுகோள்' என்றே இருக்கட்டும். ஆனால் 'ஒழுங்கற்ற வடிவமுடையது' என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அச்சுக்குப் போகுமுன் நீக்கிவிடுங்கள்.