பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் 1045

டேட்டாபேஸ் சர்வரோடு மல்லுக்கட்டிய கதை ஆளுக்கொன்று இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மொத்த வியாபாரக் கடை. பில்லிங் மென்பொருளும் அதன் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்கியூஎல்லும் ஒரே கணினியில் ஓடிக்கொண்டிருந்தன. கவுண்டர் மூன்றானதும் டேட்டாபேஸை, பழைய பயனர் கணக்குகளோடு சேர்த்தே, உபுண்டு லினக்ஸ் ஓடும் தனிக் கணினிக்கு மாற்றினோம். முதலில் வந்தது பிழை எண் 2003. இணைப்பே இல்லை. சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்கும் என்று சொல்லும் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1, அதாவது அதே கணினி, என்று இருந்ததால் சர்வர் வெளியிலிருந்து வரும் எதையும் கேட்கவில்லை. அதை மாற்றி, ஃபயர்வாலில் மைஎஸ்கியூஎல்லின் போர்ட்டான 3306ஐக் கடை நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தேன். அது பெரிய வேலையில்லை.

அப்புறம்தான் பிழை எண் 1045, அனுமதி மறுப்பு. பழைய பாஸ்வேர்ட் கடையில் பாதிப் பேருக்குத் தெரியும் என்று அன்று காலைதான் புதிது வைத்திருந்தேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து அடித்தால் உள்ளே விடுகிறது. கவுண்டரில் அதே பெயர், அதே பாஸ்வேர்ட், விடமாட்டேன் என்கிறது. கேப்ஸ் லாக் பார்த்தேன். நோட்பேடில் அடித்து ஒட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பழைய பில் புக்கை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிழைச் செய்தியை முழுசாகப் படித்தது அதற்குப் பிறகுதான். பயனர் பெயரை அடுத்து @ போட்டு கவுண்டரின் ஐபி இருந்தது. மைஎஸ்கியூஎல்லில் பெயரும், எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. பயனர் அட்டவணையைப் பார்த்தால் நம் 'பில்லிங்' இரண்டு வரியில் இருக்கிறார்: ஒன்று லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினியிலிருந்து; இன்னொன்று %, அதாவது எங்கிருந்தும் வரலாம். எனக்கு முன்னால் யாரோ போட்டது. நான் பாஸ்வேர்ட் மாற்றியது முதல் கணக்குக்கு; கவுண்டர்கள் தட்டியது இரண்டாவதன் கதவை. அங்கே இன்னும் பழைய பூட்டு.

% கணக்கை நீக்கி, 192.168.1.%, அதாவது கடை நெட்வொர்க்கிலிருந்து மட்டும், என்று புதிதாக ஒன்று போட்டு, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். கையால் எழுதிய பில்களை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து ஏற்றியதும் நான்தான்.

பதில்:
எனக்கு வந்தது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஓடியது; அச்சு அதிகாரப்பூர்வ இமேஜ்தான். அமைப்புகளை எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பில் பாஸ்வேர்டை மாற்றி, கன்டெய்னரை அழித்து மறுபடி ஏற்றினேன். நான்கு தடவை. பழையதைத்தான் ஏற்கிறது. டேட்டா கோப்புறை காலியாக இருக்கும்போது மட்டும்தான் அந்த இமேஜ், கம்போஸ் கோப்பில் உள்ள பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளுமாம். கன்டெய்னர் போனாலும் டேட்டா கிடக்கும் வால்யூம் அப்படியே இருக்கிறதே! "வால்யூமை அழித்துவிடு" என்றான் பக்கத்து சீட் நண்பன். உள்ளே இருந்தது வாடிக்கையாளர் டேட்டா. நல்லவேளை, கன்டெய்னருக்குள் நுழைந்தால் நெட்வொர்க் இல்லாத உள்வழியான சாக்கெட் வழியாகப் பாஸ்வேர்ட் கேட்காமலே விடும். அங்கிருந்து பாஸ்வேர்டை மாற்ற ஆல்டர் ரோல் என்ற கட்டளை, ஒரே வரி.

இன்னொரு பதில்:
மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர்க்காரன் நான். லாகின் தோல்வி என்ற பிழை 18456 வந்தால் காரணத்தைச் சொல்லும் ஸ்டேட் எண் நம் திரையில் எப்போதும் 1தான். வெளியாளுக்குக் காரணம் தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே மறைக்கிறார்கள். நிஜக் காரணம் சர்வரின் எரர் லாகில் இருக்கும். எனக்கு அங்கே இருந்தது: விண்டோஸ் லாகின் மட்டுமே அனுமதி. பெயர், பாஸ்வேர்ட் லாகினையும் ஏற்கும் மிக்ஸ்டு மோடுக்கு மாற்றினேன், மறுபடியும் அதே 18456. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது நடப்புக்கு வரும் என்று தெரியாமல் இன்னொரு அரை நாள் போனது.