ஒக்கிட்டோ பெட்டி: சிங்கப்பூர்க் காசில் எது பொருந்தும்?

சில்லறைக்கை:
வணக்கம். அமெரிக்க அரை டாலருக்குச் செய்த பித்தளை ஒக்கிட்டோ பெட்டி இருக்கிறது; மூடியுள்ள சிறு வட்டப் பெட்டி, ரகசியமாகக் கவிழ்த்துக் காசைக் கையில் இறக்கும் வித்தைக்கு. நம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காசு மூன்று போட்டால் கலகலக்கிறது, நான்காவது போட்டால் மூடி அமர்வதில்லை. தீபாவளி விருந்தில் வந்தவர்களிடமே காசு வாங்கிச் செய்ய வேண்டும். சின்னப் பெட்டி வாங்குவதா, உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டுவதா?

தேக்கா வித்தைக்காரன்:
ஃபெல்ட் வேண்டவே வேண்டாம். காசு வழுக்கி இறங்காமல் சிக்கிக்கொள்ளும். பெட்டியைப் பார்க்கக் கொடுக்கவும் முடியாது.

கோளாறு அளவில்தான். அரை டாலர் 30.61 மி.மீ. அகலம், 2.15 தடிமன். 2013இல் வந்த நம் ஒரு வெள்ளி 24.65 அகலம், 2.5 தடிமன். நான்கு அடுக்கினால் 10 மி.மீ.; அரை டாலர் நான்குக்கு 8.6தான். குவார்ட்டர் (அமெரிக்க 25 சென்ட்) பெட்டியும் ஒரு வெள்ளிக்கு ஆகாது, குவார்ட்டர் 24.26தான். ஆனால் 50 காசு (23 அகலம், 2.45 தடிமன்) அதில் நன்றாக உட்காரும். மூன்று 50 காசு 7.35 மி.மீ. வரும், எனவே உள்ளாழம் 7.5ஆவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான்கு குவார்ட்டரே 7 மி.மீ.தான் என்பதால் சில பெட்டிகளில் மூடி தூக்கி நிற்கும். 20 காசு உயரத்துக்குச் சரி, பக்கவாட்டில் 3 மி.மீ.க்கு மேல் ஆடும்.

ஒரு வெள்ளியை அரத்தால் ராவிப் பொருத்த நினைக்காதீர்கள். நாணயத்தைச் சிதைப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

மூடியும்பெட்டியும்:
அளவு சரியானாலும், கை சரியில்லை என்றால் சத்தம் வரும். வலக்கை விரல்கள் மேல் திறந்த பெட்டி, கட்டைவிரல் உங்கள் பக்கத்து விளிம்பில். கவிழ்க்கும் முன்பே கையை விரல்நுனிப் பக்கம் லேசாகச் சாயுங்கள். காசுகள் அந்தச் சுவரில் போய் அணைந்துவிடும். பிறகு கட்டைவிரலால் விளிம்பைத் தூக்கி உருட்டினால் அவை சுவரில் மோதாது, நேராக விரல் சதையில் இறங்கும்.

உருட்டல் தொடங்குவதும் முடிவதும் இடக்கை மூடியைக் கொண்டுவரும் அசைவுக்குள்ளேயே நடக்க வேண்டும். பெரும்பாலோர் மூடி வருவதற்குள் அவசரப்பட்டுக் கவிழ்த்துவிடுகிறார்கள். அப்போது பார்ப்பவர் கண் கவிழ்ப்பின் மேல்தான் போகும். மூடி பெட்டியின் அடிப்பக்கத்தில் அமர்ந்ததும் பெட்டியை எடுத்து மேசையில் வையுங்கள், காசு வலக்கையில் தங்கிவிடும். காலிப் பெட்டியைக் காட்டும்போது இதே உருட்டலைத் திருப்பிச் செய்ய வேண்டும். மறந்தால் மூடியைத் திறந்ததும் பெட்டியின் அடிதான் தெரியும்.

சில்லறைக்கை:
நன்றி அண்ணா. காப்பிக்கடை மேசையில் செய்யலாமா? பாஸ்டன் பெட்டி இதைவிட எளிதா?

மூடியும்பெட்டியும்:
பளிங்கு மேசை சின்ன ஒலியையும் பெரிதாக்கும். மௌஸ் பேடு ஒன்றை விரியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கவிழ்ப்பு தெரியும், அதனால் எல்லாரையும் எதிரே உட்காரவையுங்கள்.

தேக்கா வித்தைக்காரன்:
பாஸ்டன் பெட்டியின் அடியில் ஒரு காசு அமரும் குழி உண்டு. கவிழ்த்து மூடியை எடுத்தாலும் பெட்டி நிறைந்திருப்பதுபோல் தெரியும். காசை எடுத்த பிறகும் காட்டலாம் என்பது பெரிய பலம். ஆனால் குழி காசின் அளவுக்கே இருக்க வேண்டும். அரை டாலர் குழியில் ஒரு வெள்ளியை வைத்தால் சுற்றிலும் இடைவெளி தெரிந்துவிடும். கடன் வாங்கிய காசுக்குச் சாதாரணப் பெட்டியே மேல்.

காந்தம் வைத்த பெட்டியையும் தவிருங்கள். 2013 வரிசைக் காசுகள் முலாம் பூசிய எஃகு, எல்லாமே ஒட்டிக்கொள்ளும். அரை டாலர் அப்படி ஒட்டாது.