ஓயவார்: வகரமா, பகரமா?

நெய்தல்வாணன்: செங்கால் நாரையைக் குறிக்கும் டச்சுச் சொல்லான ஓயவார் 'செல்வம் கொணர்வது' என்று பொருள்படும் என்றும், நாரை குழந்தையைக் கொண்டுவரும் கதை அதிலிருந்தே பிறந்தது என்றும் குறிஞ்சிநாடன் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்து எரிச்சலே மிஞ்சியது. இடைக்கால டச்சில் இச்சொல் ஓடெவாரெ. அங்கே நிற்பது வகரம். அது செல்லுதலைக் குறிக்கும் வாரன் என்னும் வினையைக் காட்டுகிறது. ஈரநிலத்தில் தவளை தேடி நடக்கும் பறவைக்குச் 'சதுப்பில் செல்வது' என்பதே பொருத்தமான பெயர்.

குறிஞ்சிநாடன்: ஜெர்மன் மொழியின் தொன்மை வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ஓடோபெரோ என்று, 'சுமப்பது' என்ற பொருள் தரும் பகரத்தோடு எழுதப்பட்டிருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்? வட ஜெர்மனியில் இன்றும் ஆடெபார்தான். ஜெர்மன் லேபென் (வாழ்தல்) டச்சில் லேவன், கேபென் (கொடுத்தல்) டச்சில் கேவன். சொல்லின் இடையில் வரும் பகரம் டச்சில் வகரமாகும் என்பது தொடக்க நிலை மாணவருக்கும் தெரியும்.

நெய்தல்வாணன்: தாங்கள் காட்டியவை தனிச்சொற்கள். ஓடெவாரெ கூட்டுச்சொல், அதன் இரண்டாம் உறுப்பின் முதலெழுத்தான பகரம் அவ்வளவு எளிதில் திரியாது. பெயரின் பொருள் மறந்துபோன காலத்தில், 'சுமப்பது' என்ற பொருளை ஏற்றி ஓடோபெரோ என்று எழுதியிருக்கலாம். டோடோ பறவை பற்றிய முந்தைய விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தீர்கள்.

வலசைப்புள்: நெதர்லாந்தின் வடகிழக்கில் இந்நாரையை எய்பெர் என்பார்கள், அய்வர் என்ற வட்டார வழக்கும் உண்டு. 1934ஆம் ஆண்டு லண்டன்–மெல்பர்ன் விமானப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த, டச்சு விமான நிறுவனமான கே.எல்.எம்.மின் விமானத்தின் பெயர் அய்வர்தான்.

குறிஞ்சிநாடன்: இரண்டாவது என்று குறைத்துச் சொல்ல வேண்டாம், விமானங்களின் திறன் வேறுபாட்டை ஈடுகட்டிக் கணக்கிட்ட பிரிவில் அது முதலிடம் பெற்றது. கூட்டுச்சொல்லில் பகரம் திரியாது என்று நெய்தல்வாணனே ஒப்புக்கொண்டார்; எய்பெரில் அது திரியாமல் நிற்கிறதே! நெதர்லாந்தின் ஹேக் நகரம் நற்பேற்றின் பறவையான நாரையைத்தானே தன் சின்னத்தில் வைத்திருக்கிறது?

நெய்தல்வாணன்: அச்சின்னத்து நாரையின் அலகில் இருப்பது விலாங்கு மீன், செல்வமன்று. நாரைக்கு வேறு பெயர் வழங்கும் நாடுகளிலும் குழந்தைக் கதை உண்டு. ஆகவே கதையைச் சொல்லின் தலையில் கட்டாதீர்கள். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பகரம் திரியாது என்றால் ஓடெவாரெயில் வகரம் எங்கிருந்து வந்தது? அய்வரிலும் வகரம்தான்.

குறிஞ்சிநாடன்: லேவன் என்று ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். தாங்கள்தான் அதைப் படிக்கவில்லை.

நெய்தல்வாணன்: படித்தேன். லேவன் கூட்டுச்சொல் அன்று.