வெளிறிவரும் கடற்சாமந்தி: காப்பாற்ற வழியுண்டா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
வணக்கம். ஐந்து மாதங்களாக என் கடல்நீர் மீன்தொட்டியில் பழுப்பு நிறத்தோடு செழித்திருந்த குமிழ்நுனிக் கடற்சாமந்தி (பூப்போலத் தோன்றும் கடல்விலங்கு), இரண்டே வாரங்களில் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. பகலில் வீடு பூட்டியிருப்பதால் நீரின் வெப்பம் 31 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. கோமாளி மீன்கள் இன்னும் அதை விட்டுப் பிரியாதிருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பதில் (செந்தூல், கோலாலம்பூர்):
ஐயா, அந்தப் பழுப்பு நிறம் பெரும்பாலும் சாமந்தியுடையதன்று. அதன் திசுக்களுக்குள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகளுடையது. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது சாமந்தி அப்பாசிகளை இழக்கிறது; ஆகவே இந்த வெண்மை பட்டினியின் தொடக்கமே தவிர, சாவு அன்று. குளிரூட்டி பொருத்தி, நாளுக்கு ஒரு பாகை வீதம் குறைத்து, 26 பாகையில் நிலைநிறுத்துங்கள்.

பதில் (பட்டர்வொர்த்):
வெளிறியதைக் கண்டு விளக்கைக் கூட்டிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் ஒன்றை இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. வாரம் இரண்டு முறை மிகச் சிறிய இறால் துண்டு கொடுங்கள். வாய் பிளந்து, உடல் கரைந்து நாறத் தொடங்கினால் மட்டும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும்.

கேட்டவர்:
வாய் மூடியே இருக்கிறது. பாதமும் பாறையை விடவில்லை. குளிரூட்டி வரும்வரை விசிறி வைக்கலாமா?

பதில் (செந்தூல்):
வைக்கலாம், ஐயா. ஆனால் நீர் ஆவியாக ஆக உப்படர்த்தி (நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்ட அளவு) 1.025ஐத் தாண்டி ஏறும். குறையும் அளவை வடிகட்டிய நன்னீரால் நாள்தோறும் ஈடுசெய்யுங்கள்.