புதுப்பிப்பு: அந்த 'வைரஸ்' எச்சரிக்கை எங்கிருந்து வந்தது?

"உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையை அடைத்துக்கொண்டு அலறிய பாப்-அப் பற்றிக் கேட்டிருந்தேன் அல்லவா, மூலம் பிடிபட்டுவிட்டது. உளவு மென்பொருள் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம் "ரோபோ இல்லை என்று காட்ட 'அனுமதி'யை அழுத்தவும்" என்று கேட்டு நோட்டிஃபிகேஷன் உரிமையை, அதாவது திரையின் மூலையில் அறிவிப்பு காட்டும் உரிமையை, வாங்கியிருக்கிறது. மூலையில் வரும் செய்தியை உற்றுப் பார்த்தால் குரோம் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தத் தளத்தின் முகவரி பொடி எழுத்தில் இருக்கும். அந்தச் செய்தியைச் சொடுக்கினால்தான் அந்த முழுத்திரை நாடகம். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய் அந்த முகவரியை நீக்கியதும் சத்தம் நின்றது.

மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காது; போலியைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். திரை மூட மறுத்தால் எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட்+எஃப்4.

விண்டோஸிலேயே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டினேன், சுத்தம்.

அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பை (தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் ஆப்) நிறுவியவர்களுக்குக் கதை வேறு. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், ஆப்பை நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.